அடையாற்றங்கரைப் பகுதிக்குப் புதிதாகக் குடிவருவோருக்கு: வெள்ளத்தைக் கண்காணிக்கவும் சமாளிக்கவும் ஒரு வழிகாட்டி

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம், அனகாபுத்தூர் தொடங்கி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை, அடையாற்றின் இரு கரைகளிலும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புதிதாகக் குடியேறுகின்றன. வாடகை சற்றுக் குறைவு, ரயில் நிலையம் பக்கம், நல்ல பள்ளிக்கூடம் என்று காரணங்கள் பல இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. வெள்ளம் வீட்டுக்குள் வந்து, வடிந்து, அதன் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்து நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். என் அனுபவம் பெரும்பாலும் ஆற்றின் மேல்பகுதியைச் சேர்ந்தது என்றாலும், கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு எது மாறும் என்பதையும் ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

1. முன்பணம் கொடுப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்

வீட்டைக் காட்டும் தரகரிடம் "இங்கே தண்ணீர் வருமா?" என்று கேட்டுப் பயனில்லை. அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமும், பால் போடுபவரிடமும், பத்து வருடங்களாக வீட்டு வேலைக்கு வருபவரிடமும் கேளுங்கள். 2015 டிசம்பரில் எவ்வளவு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எவ்வளவு என்று ஆண்டைச் சொல்லிக் கேட்டால், முழங்கால், இடுப்பு, ஜன்னல் விளிம்பு என்று உயரத்தைக் கையால் தொட்டுக் காட்டுவார்கள்.

கேட்காமலே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. பழைய வீடுகளில் மின்மீட்டர் பெட்டி முதலில் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும் சிமென்ட் பூசிய தடமும் தெரியும், பெட்டி அதற்கு மேலே தலை உயரத்தில் புதிதாக மாட்டப்பட்டிருக்கும். தெருவில் இப்படி மூன்று நான்கு வீடுகள் இருந்தால், தண்ணீர் எதுவரை வந்தது என்பது அந்தத் துளைகளிலேயே இருக்கிறது. சாலையை மேலே மேலே போட்டதால் வாசற்படி தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்ட வீடுகளைத் தவிர்த்துவிடுங்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தரைதளத்தில் அப்படிப்பட்ட வீட்டை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

2. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள்

புதியவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். மழை வலுத்ததும் எல்லோரும் தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அதற்கு மேலே உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதால் வருவது. செம்பரம்பாக்கத்தில் ஒரு மதகுகூடத் திறக்கப்படாத நாளிலும் முடிச்சூரில் தண்ணீர் நிற்கலாம். "இன்னும் ஏரியைத் திறக்கவில்லை, பயமில்லை" என்று யாராவது சொன்னால், அவர் வீடு திருநீர்மலைக்கு மேலேயா கீழேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருநீர்மலைக்குக் கீழே, அனகாபுத்தூர், பொழிச்சலூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதியில் இருப்பவர்கள் இரண்டு கிளைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் மூன்றாவதாகக் கடல் ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தை ஒட்டிய முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தாலோ, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் உயர்ந்திருந்தாலோ, புயற்காற்று கடலைக் கரை நோக்கித் தள்ளினாலோ ஆற்றுநீர் வடிவது தாமதமாகும். வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதி அடையாற்றோடு சேர்ந்ததில்லை. அங்கே தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அதனால் அங்கே வெள்ளம் மெதுவாக ஏறி, பல நாள் நிற்கும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். இதற்குச் செலவு கிடையாது. இதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடும் கிடையாது.

3. உங்கள் வாசலில் ஓர் அளவுகோல் வரையுங்கள்

சுற்றுச்சுவரின் வெளிப்பக்கத்தில், தெருவின் நடுமட்டத்தைச் சுழியமாக வைத்து, பெயின்ட்டால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். தெருவிளக்கு அணைந்தாலும் கைவிளக்கு வெளிச்சத்தில் மாடியிலிருந்து தெரியும்படி எண்கள் பெரிதாக இருக்கட்டும். பிறகு அதே மட்டத்திலிருந்து உங்கள் வீட்டுக்குரிய உயரங்களை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்: தரையடித் தொட்டியின் மூடி, வாகனம் நிற்கும் தரை, வீட்டு வாசற்படி, கழிப்பறைத் தரை, மிகத் தாழ்வாக உள்ள மின்செருகி, மீட்டர் பெட்டி, மோட்டார். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் போதும்.

இந்தத் தாள் கையில் இருந்தால்தான் செய்திகளுக்குப் பொருள் கிடைக்கும். மாவட்டம் முழுமைக்கும் விடுக்கப்படும் எச்சரிக்கை உங்கள் வாசற்படியைப் பற்றி எதுவும் சொல்லாது. சுவரில் உள்ள கோடுதான் அதைச் சொல்லும்.

4. எந்தத் தகவலை, எப்போது பார்ப்பது

அக்டோபர் தொடங்கியதிலிருந்து டிசம்பர் இறுதி வரை காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பார்த்தால் போதும். மழை நாளில் மட்டும் அடிக்கடி பாருங்கள்.

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் வரும் சொற்களுக்குத் திட்டமான அளவுகள் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை, 204.5-க்கு மேல் அதி கனமழை. பத்து சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஹெக்டேர் நிலத்தின் மீது பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். இதில் ஒரு கவனம் தேவை. செய்திகளில் சொல்லப்படும் மழையளவு பெரும்பாலும் அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. அதற்குப் பிறகு கொட்டிய மழை அந்தக் கணக்கில் இருக்காது.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நீர்மட்டங்களைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது. நீர்மட்டத்தை மட்டும் பார்க்காமல், வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி என்று சேர்த்துப் பாருங்கள். ஏரி முழுதாக நிரம்பும்வரை காத்திருக்காமல், 21, 22 அடியிலேயே பாதுகாப்புக்காகச் சிறிதளவு திறப்பது வழக்கம். வரத்து, வெளியேற்றக் கணக்கில் ஒரு கன அடி என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். நூறு கன அடி திறந்தார்கள் என்ற செய்திக்குப் பதற வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் வெளியேற்றம் 29,000 கன அடியைத் தொட்டது. ஓர் எண் பெரியதா சிறியதா என்பதை இந்த இரண்டையும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். வெளியேற்றம் சில மணி நேரத்துக்குள் மடங்கு மடங்காக உயர்த்தப்பட்டால் உடனே ஆயத்தமாகுங்கள்.

தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியைக் கைப்பேசியில் ஏற்றி வையுங்கள். கடல் அலை, ஏற்றம் பற்றிய எச்சரிக்கைகளை ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் தெருவோர வடிகாலில் இருக்கிறது. மழை பெய்யும்போது அதில் தண்ணீர் ஆற்றை நோக்கி ஓடும். ஆறு உயர உயர ஓட்டம் மெதுவாகும், பிறகு நிற்கும், அதன் பிறகு நுரையும் தெர்மோகோல் துண்டுகளும் எதிர்த்திசையில் மெல்ல நகரத் தொடங்கும். அதே நேரத்தில் குளியலறையின் தரைச்சல்லடையில் 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்கும், கழிவுநீர்த் தொட்டியின் மூடி இடுக்கிலிருந்து கரப்பான்பூச்சிகள் வெளியேறி சுவர் ஏறும். இவற்றைப் பார்த்துவிட்டால், மழை விட்டிருந்தாலும் ஆறு உங்கள் தெருவைவிட உயர்ந்துவிட்டது என்று பொருள். மழை நின்றுவிட்டதே என்று உறங்கப் போய்விடாதீர்கள். மேலே உள்ள ஏரிகளின் தண்ணீர் மழை விட்ட பிறகும் வந்துகொண்டிருக்கும்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு விதியை ஏற்படுத்துங்கள்: நீர்மட்டம் பற்றி எழுதுபவர் தன் அளவுகோலின் படத்தை நேரத்தோடு போட வேண்டும். "ஏரி உடைந்துவிட்டது" என்று எங்கிருந்தோ வந்த குரல்பதிவைப் பகிர்வதற்கு இடம் தராதீர்கள். பழைய ஆண்டுக் காணொளிகள் ஒவ்வொரு மழைக்கும் புதிதாகச் சுற்றுகின்றன.

5. எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சிறிய விஷயமாகத் தோன்றும், வெள்ளத்தன்று இதுதான் மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். அதை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டம். பக்கத்திலேயே தாம்பரம் மாநகராட்சி. ஒரே தண்ணீர் மூன்று நிர்வாகங்களின் நிலத்தில் நிற்கிறது. உங்கள் வீட்டின் மாவட்டம், வட்டம், ஊராட்சி அல்லது வார்டு எண், தெருவின் பெயர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அழைக்க வேண்டிய எண்களையும் அதிலேயே எழுதுங்கள்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913, பொது அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகார் 94987 94987. எல்லையோரத்திலிருந்து 1077-ஐ அழைத்தால், இணைப்பு கிடைத்ததும் எந்த மாவட்டம் பேசுகிறது என்று முதலில் கேளுங்கள்.

6. ஆவணங்கள்: செப்டம்பருக்குள் முடிக்க வேண்டியது

நனைந்த பத்திரத்துக்கு மாற்று வாங்க ஆகும் அலைச்சலில் நூற்றில் ஒரு பங்குகூட முன்கூட்டியே பாதுகாப்பதற்கு ஆகாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டாவையும் அரசின் இணையதளத்திலிருந்து கட்டணமின்றி எடுக்கலாம். கிரயப் பத்திரத்தின் பதிவு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றையும் தனியே குறித்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பத்திரமே தொலைந்தாலும் இந்த மூன்று விவரங்கள் இருந்தால் பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் பெற முடியும். காப்பீட்டுப் பாலிசி எண்ணையும் அதே செய்தியில் அனுப்புங்கள். பாலிசித் தாள் வெள்ளத்தில் போய்விட்டதால் எண்ணைச் சொல்ல முடியாமல், இழப்பீட்டுக் கோரிக்கையைப் பதிவு செய்யவே நாள்கணக்கில் அலைந்த வேதனை எனக்குத் தெரியும்.

மூலப் பத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் பைகளில் போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பரணிலோ மாடி வீட்டிலோ வையுங்கள். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு பாதுகாப்பான இடமில்லை. தண்ணீரில் ஊறியதும் பீரோவின் பூட்டு திறக்காது.

வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும், இந்த முகவரியைக் காட்டும் எரிவாயு ரசீதையும் கட்டாயம் வைத்திருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாக டோக்கன் முறையில் வழங்கப்பட்டது. ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருந்தவர்கள் தனியே விண்ணப்பித்து, இங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. முடிந்தால் அட்டையை இந்த முகவரிக்கு இப்போதே மாற்றிவிடுங்கள்.

7. காப்பீடு: எது செல்லும், எது செல்லாது

அரசு நிவாரணம் எதற்கெல்லாம் கிடைக்கும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 2022 முதல் 2026 வரையிலான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய், பகுதி சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய், இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய் என்று இருந்தது. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கார் ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவற்றுக்குக் காப்பீடு ஒன்றுதான் வழி.

வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வெள்ளச் சேதம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுமையான பாலிசி இருந்தாலும், எஞ்சினுக்குள் தண்ணீர் போய் அது பழுதானால், 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவு இல்லாமல் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அந்தப் பிரிவைப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். ஆகவே உங்கள் புதுப்பிப்பு நாள் எந்த மாதம் என்று இன்றே பாருங்கள்.

8. தண்ணீர் ஏறும்போது: உயரத்துக்கு ஏற்ற வேலை

இந்த வரிசையை முன்பே முடிவு செய்து, அளவுகோல் தாளின் கீழேயே எழுதிவிடுங்கள். நள்ளிரவில், இருட்டில், குழந்தை அழும்போது யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது.

சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே, தெரு உலர்ந்திருக்கும்போதே, வாகனங்களை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். முடிச்சூர், மண்ணிவாக்கம் பகுதியினருக்கு வெளிவட்டச் சாலை அருகில் இருக்கிறது. வேளச்சேரியில் மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கார்கள் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். போக்குவரத்துக்கு இடையூறில்லாத இடமாகப் பாருங்கள்.

வடிகால் பின்னோக்கி ஓடத் தொடங்கியதும் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, தரையடித் தொட்டியின் மூடியைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி மேலே மணல் மூட்டை வையுங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள் பழைய துணியைச் சுற்றிய மணல் பையை இறுக்கமாக அழுத்துங்கள். இதைச் செய்யாத வீடுகளில் வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்பே கழிவுநீர் உள்ளே வந்துவிடும். எல்லாக் கைப்பேசிகளையும் மின்னேற்றி வையுங்கள். ரொக்கமாகச் சில ஆயிரம் ரூபாய் சில்லறையாக இருக்கட்டும். மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரத்தின் ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்துவிட்டால் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்த முடியாது.

தண்ணீர் வாகனம் நிற்கும் தரைக்கு வந்ததும் சமையல் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரைக் கழற்றி, உருளையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். இன்வெர்ட்டர் மின்கலத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள், அல்லது இணைப்பைத் துண்டியுங்கள். குளிர்சாதனப் பெட்டி தண்ணீரில் மிதந்து கவிழும் என்பது பலருக்குத் தெரியாது. அதைப் படுக்க வைத்துக் கட்டில் மீது ஏற்ற ஆள் தேவை. ஆகவே அடுத்த வீட்டாரோடு சேர்ந்து முதலில் அவர் வீடு, பிறகு உங்கள் வீடு என்று செய்யுங்கள்.

வாசற்படிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நிற்கும்போதே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். உங்கள் கையும் காலும் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு அணைக்கப் போவது உயிருக்கே ஆபத்து.

முதியவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் அல்லது ஆக்சிஜன் உதவியில் இருப்பவர், கைக்குழந்தை உள்ள வீட்டினர் இந்த வரிசை எதற்கும் காத்திருக்க வேண்டாம். எச்சரிக்கை வந்த பகலிலேயே உறவினர் வீட்டுக்கோ பள்ளியிலும் மண்டபத்திலும் திறக்கப்படும் முகாமுக்கோ போய்விடுங்கள். படகு வந்த பிறகு அவர்களை மாடியிலிருந்து இறக்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை அந்தச் சோதனையை விரும்ப மாட்டார்கள். மாத்திரைகளைப் பத்து நாளுக்கும், மருந்துச் சீட்டின் படத்தையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் தண்ணீரில் நடக்க நேர்ந்தால், கையில் கழியை வைத்துத் தரையைத் தடவிக்கொண்டு நடங்கள். மூடி திறந்த பாதாளச் சாக்கடையும் வடிகாலும் மேலே தெரியாது. மின்கம்பத்தையும் அதன் இழுவைக் கம்பியையும் தொடவே கூடாது.

9. வடிந்த பிறகு: முதலில் படம், பிறகு துடைப்பம்

சுவரில் சேற்றுக்கோடு தெளிவாகத் தெரியும்போதே, அதன் அருகில் அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வோர் அறை, ஒவ்வொரு பொருள், அதன் மாதிரி எண் ஒட்டிய தகடு எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை கழுவ வேண்டாம். சேதமான பொருள்களைக் குப்பை வண்டியில் ஏற்றுவதற்கு முன் காப்பீட்டு மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும். அவர் வரத் தாமதமானால், அப்புறப்படுத்தலாமா என்று எழுத்துமூலம் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் சொன்ன ஒப்புதல் பிறகு எந்தப் பதிவிலும் இருக்காது.

நனைந்த காரின் சாவியைத் திருப்பவே கூடாது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கோரிக்கை எண் பெற்று, இழுவை வண்டியில்தான் அனுப்ப வேண்டும். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்ற ஒரு நொடி அவசரத்தில் எஞ்சின் போய்விடும், இழப்பீடும் அதோடு போய்விடும்.

மின்சாரத்தை எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே போடுங்கள். தரையடித் தொட்டியை முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் அலசி, அதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். அதுவரை குடிக்க, சமைக்க, பல் துலக்கக் கொதிக்கவைத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் நின்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அலமாரிக்கு அடியிலும் சுருட்டிய பாய்க்குள்ளும் கையை விடும் முன் கழியால் தட்டுங்கள், பாம்பு இருக்கக்கூடும்.

கணக்கெடுப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரோ வருவாய்த்துறை ஊழியரோ வரும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் எழுதிய விவரங்களைப் படித்துப் பார்த்து, வீட்டு எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் சரியா என்று சோதியுங்கள். ஓர் எண் பிழையானாலும் பணம் திரும்பிப் போகும், திருத்தம் செய்ய வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். விடுபட்டுப் போனால், வெள்ளத்தின் படங்கள், ரேஷன் அட்டை நகல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு வட்டாட்சியருக்கு மனு கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

இவை முடிந்ததும், சேற்றுக்கோடு இருந்த உயரத்தில் தேதியோடு ஒரு நிரந்தரக் கோடு போட்டுவிட்டு, உங்கள் தாளில் உள்ள நேரக் குறிப்புகளையும் சேர்த்து எழுதுங்கள்: வடிகால் எப்போது திரும்பியது, அதற்கு எத்தனை மணி நேரம் கழித்து வாசற்படிக்குத் தண்ணீர் வந்தது, வடிய எவ்வளவு காலம் ஆனது. வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் தாளை அடுத்துக் குடிவருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.